மாமாவின் பழைய பெட்டிக்குள் ஒரு புதுக் கணினி

சென்ற ஆண்டு மார்கழி விடுமுறையில், கொக்குவிலில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் பாடசாலையில் கணினி படிப்பிக்கிறேன். விடுமுறை என்றால் நித்திரை கொள்ளலாம், முற்றத்துப் பூங்கன்றுகளைப் பார்க்கலாம் என்று எண்ணியிருந்தேன். ஆனால் அந்த விடுமுறை முழுவதையும் ஒரு தகரப் பெட்டி தின்றுவிட்டது.

பெட்டி என் மாமனாருடையது. அவர் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மாமி காலமான பிறகு எங்களோடுதான் இருக்கிறார். சண்டை நின்ற சமாதான காலத்தில் பாதை திறந்ததும் கொழும்பிலிருந்து வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த கணினி அது. வாங்கும்போதே பழையது. அதில்தான் அயல் பிள்ளைகளுக்கு ஆங்கில வினாத்தாள்களை அடித்துக் கொடுப்பார். ஒருநாள் காலை அது புகைந்துவிட்டு ஒரேயடியாக நின்றது.

என் கணவருக்கு வவுனியாவில் வேலை. வார இறுதியில்தான் வீட்டுக்கு வருவார். அவர் தகப்பனுக்குப் புது மடிக்கணினி ஒன்று வாங்கி வந்தார். மாமா அதன் மேல் விரல்களை ஓட்டிப் பார்த்துவிட்டு, “உதிலை எழுத்தெல்லாம் ஒண்டோடை ஒண்டு ஒட்டிக் கிடக்கு. எனக்கு வேண்டாம்” என்று தள்ளிவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, என்ரை பெட்டிக்குள்ளை நீ என்னத்தையும் போடு. வெளியிலை மட்டும் ஒண்டும் மாறக்கூடாது.”

கணவர் உடனே, “நீர் கொம்பியூட்டர் ரீச்சர்தானே, ஒரு நாள் வேலை” என்றார். சொல்லிவிட்டு வவுனியா பஸ்ஸில் ஏறிவிட்டார்.

பெட்டியைத் திறந்தேன். ஒரு கை நிறையத் தூசி, கரப்பான் முட்டை, காய்ந்த பல்லி ஒன்று. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, கடையில் வாங்கி வந்த புது மதர்போர்ட் பலகையை வைத்துப் பார்த்தால், ஆணித் துளைகளில் பாதி பொருந்தவில்லை. பழைய பெட்டியின் பின்பக்கத்தில் கீபோர்ட் வயர் போக ஒரு ஓட்டை மட்டும்தான். புதியதற்கோ ஒரு கை அகலத்துக்கு வழி வேண்டும். பெட்டியை ஸ்கூட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு, கேற் செய்கிற வெல்டிங் கடைக்குப் போனேன். கடைக்காரர் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “இதைவிடப் புதுசு ஒண்டு வாங்கலாமே அக்கா?” என்றார். எனக்கு அழுகை வராத குறை. வெட்டிய இடம் தேவைக்கு மேலே பெரிதாகிவிட்டது. அதன் கூர்முனை என் பெருவிரலைக் கிழித்தது. வீட்டுக்கு வந்து பிளாஸ்ரர் ஒட்டிக்கொண்டு இருந்தால் மாமா கேட்கிறார், “முன்பக்கத்திலை கை வைக்கேல்லைத்தானே?”

முன்பக்கத்தில் பிளொப்பி செருகுகிற வாய் ஒன்று இருக்கிறது. இந்தக் காலத்தில் பிளொப்பியை யார் கண்டார்கள்? அதைக் கழற்றினால் உள்ளே காற்றுப் போக இடம் கிடைக்கும் என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். காரணம் கேட்டால், “அது அதிலை இருக்கட்டும்” என்பதோடு சரி. போனில் கணவரிடம் கத்தினேன். அவர் சிரித்தார். எனக்கு இன்னும் கோபம் வந்தது.

கடைசியில் வந்தது பொத்தான் பிரச்சினை. பழைய பொத்தானை அமத்தினால் அது உள்ளே போய் அப்படியே நிற்கும். திரும்ப அமத்தினால்தான் வெளியே வரும். புதுப் பலகைக்கு ஒரு தடவை தொட்டுவிட்டாலே போதும். பொத்தான் உள்ளேயே நின்றால், இயங்கத் தொடங்கி நாலு விநாடியில் அது அணைந்துவிடும். இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு பகல் போய்விட்டது. பழைய சுவிச்சைக் கழற்றி எறிந்துவிட்டு, வாசல் மணிக்குப் பூட்டுகிற சுவிச் ஒன்றை வாங்கிப் பொத்தானுக்குப் பின்னால் பொருத்தினேன். விசிறியும் சத்தமே இல்லாத நல்ல விசிறி. எல்லாம் பூட்டி முடிந்ததும், உண்மையாகவே எனக்குப் பெருமையாக இருந்தது. பார்த்தால் அதே பழைய மஞ்சள் பெட்டி. உள்ளே இந்த வருடத்துக் கணினி.

மாமாவைக் கூட்டிவந்து கதிரையில் இருத்தினேன். அவர் கை பிளொப்பி வாயைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து இரண்டு விரல் கீழே இறங்கிப் பொத்தானை அமத்தியது. திரை பளிச்சென்று வந்தது. மாமா அசையாமல் இருந்தார். திரும்ப அமத்தினார். அணைந்தது.

“இது வேலை செய்யேல்லை, பிள்ளை.”

“வேலை செய்யுது மாமா. நீங்கள்தான் நிப்பாட்டுறியள்.”

திரும்ப அமத்தினார். வந்தது. காதைச் சரித்து எதையோ கேட்கப் பார்த்தார். பொத்தானைத் தடவினார். “இது உள்ளுக்குப் போய் நிக்குதில்லையே” என்று சொல்லி மறுபடி அமத்தினார். அணைந்தது. இப்படியே நாலைந்து தரம். எத்தனை நாள் பாடு, காயம் ஆறாத பெருவிரல், வெல்டிங் கடையில் பட்ட வெட்கம் எல்லாம் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

“ஐயோ மாமா! பொத்தானை விட்டுட்டு முன்னுக்குப் பாருங்கோ!” என்று கத்தினேன்.

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அந்தப் பதற்றத்தில் அவருடைய விரல் இன்னொரு தரம் அமத்திவிட்டது. திரை கறுத்துப் போனது. அவர் அந்தக் கறுத்த திரைக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்:

“ஓம் ஓம், இப்ப வடிவாத் தெரியுது.”

 அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பார்த்தேன். அதில் யன்னல்தான் தெரிந்தது. அவர் புன்னகைத்துக்கொண்டே இருந்தார்.

“மாமா, திரை நிண்டு போச்சு. ஒண்டும் இல்லை அதிலை” என்றேன்.

புன்னகை மெல்லப் போனது. கையைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“எப்ப தொடக்கம்?” என்று கேட்டேன்.

“வலது கண் முந்தியே போயிட்டுது. மற்றது இந்த மாரி மழையோடை. நல்ல வெயில் எண்டால் வாசல் எந்தப் பக்கம் எண்டு தெரியும். அவ்வளவுதான்.”

“ஏன் மாமா சொல்லேல்லை?”

“சொன்னால் அவன் வேலையை விட்டுட்டு வந்து நிப்பான். பிள்ளையளும் படிக்க வராதுகள். இந்தப் பெட்டி என்ரை கைக்குத் தெரியும். பொத்தான் உள்ளுக்கு நிண்டால் ஓடுது எண்டு அர்த்தம். இரைச்சல் கேட்கும். அது போதும் எனக்கு.”

பழைய கணினி நிற்பதற்குக் கொஞ்சம் முன் ஒரு வினாத்தாளில் அரைப் பக்கம் முழுக்க அர்த்தமில்லாத எழுத்துகள் வந்திருந்தன. பிறின்ரர் பிழை என்று மாமா அதை ஏசினார், நானும் நம்பினேன். விரல்கள் கீபோர்டில் ஒரு கட்டை தள்ளி விழுந்திருக்கின்றன என்று அப்போது எனக்குப் படவில்லை. இந்த மனிதர் தினமும் காலையில் தனியாகப் புகையிரதப் பாதையைக் கடந்து கடைக்குப் போய்ப் பேப்பர் வாங்கி வருகிறார் என்று நினைத்ததும், வந்த அழுகை அப்படியே கோபமாக மாறிவிட்டது.

“றெயில் றோட்டைக் கடந்து போறியளே மாமா! ஏதும் நடந்திருந்தால்?”

“றெயில் சத்தம் போடும்தானே, பிள்ளை. உன்ரை கொம்பியூட்டர் மாதிரிச் சத்தமில்லாமலே வரும்?”

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றேன். “நான் மறைக்க மாட்டன். ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை நீங்களே அவருக்குச் சொல்லவேணும். இல்லாட்டி நான் சொல்லுவன்” என்றேன். அவர் தலையாட்டினார்.

ஞாயிறு காலை தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்தபடி மகனிடம் அவரே சொன்னார். என் கணவர் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டுக் கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவி வந்தார். கண் டொக்டர், போனது போனதுதான், மிச்சமிருக்கிற வெளிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்று அவர் தொடங்கியதை நாங்கள் யாரும் முடிக்க விடவில்லை. கணவர் வேலையை விடவில்லை. மாமா அதற்குச் சத்தியமே வாங்கிக்கொண்டார்.

நான் பெட்டியைத் திரும்பக் கழற்றினேன். குப்பையில் எறிந்த பழைய சுவிச்சைத் தேடி எடுத்து, எலெக்ரீசியனைக் கூப்பிட்டு அதை மின்சாரம் வருகிற வழியில் போடுவித்தேன். கரண்ட் வந்ததும் பலகை தானாக இயங்குகிறமாதிரி ஒரு அமைப்பு அதிலேயே இருந்தது. அதை நான் முதலிலேயே செய்திருக்கலாம். நல்ல விசிறியைக் கழற்றிவிட்டு, இரைகிற பழைய விசிறியையே பூட்டினேன். இப்போது திரையில் உள்ளதை வாசித்துக் காட்டுகிற செயலியும் போட்டிருக்கிறேன். அதன் குரலோடு மாமாவுக்குத் தினமும் சண்டை. “உவனுக்கு ழகரம் வருகுதில்லை, ஆர் உவனுக்குத் தமிழ் படிப்பிச்சது?” என்று குசினியில் சமைக்கிற எனக்குக் கேட்கக் கத்துவார். பேப்பரை இப்போது நான் வாங்கி வருகிறேன். தலைப்புச் செய்தியை நான் பிழையான இடத்தில் நிறுத்தி வாசிக்கிறேன் என்று அதற்கும் ஏச்சு.

அவரோடு எனக்கு இன்றைக்கும் பொறுமை போகிறது, சண்டையும் வருகிறது. ஆனால் யாராவது ஒன்றைக் காரணமில்லாமல் இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று தோன்றினால், அதை விட்டுவிட்டால் அவர் விழுந்துவிடுவாரோ என்று ஒருமுறை யோசித்த பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.