மகள் தலைக்குள் ஓடிய கரண்ட்

எண்பதுகளில் செஞ்சியில் நான் லைன்மேன். கம்பத்தில் ஏறியிருந்தவனைக் கீழே கூப்பிட்டு, உன் பொண்டாட்டிக்கு வலி எடுத்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் நெடுநேரம் காத்திருந்த பிறகு பெண் குழந்தை பிறந்தது. அழவில்லை. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றி, உடம்பு நீலமாக இருந்ததாம். நர்சம்மா சளியை உறிஞ்சி, காற்றை ஊதி, பாதத்தைத் தட்டித் தட்டி ஒரு முனகலை வாங்கினார். போதும் என்று நான் மிட்டாய் வாங்கப் போய்விட்டேன்.

மத்தியானம் குழந்தை சைக்கிள் மிதிப்பதுபோல் ஒரு காலை உதைத்துக்கொண்டே இருந்தது. "இன்னா சுறுசுறுப்பு பாரு" என்றாள் என் அக்கா. டாக்டர் பார்த்துவிட்டு, அது ஃபிட்ஸ், உடனே பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். மனைவிக்குத் தையல் போட்டிருந்தது. அவளை மாமியாரிடம் விட்டுவிட்டு, நானும் அக்காவும் குழந்தையோடு வாடகைக் காரில் போனோம்.

அங்கே குழந்தைகளைப் பார்த்தவர் ஓர் இளம் லேடி டாக்டர். பிரசவத்தில் மூளைக்கு ஆக்சிஜன் போதவில்லை என்றார். குழந்தையின் தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டினார்கள். ஒயர்கள் போய்ச் சேர்ந்த மிஷினில், ஓடும் காகிதத்தின் மேல் பேனாக்கள் கோடு போட்டன. மூளையில் ஓடும் கரண்ட்டை இது எழுதிக் காட்டும் என்றார். என் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "அப்ப உங்களுக்கு ஈஸியா புரியும்" என்றார்.

புரிந்தது, அதுதான் கஷ்டம். கோடு நேராகப் போகும், திடீரென்று கொத்தாகத் துடிக்கும், மறுபடி நேராகிவிடும். லூஸ் கனெக்‌ஷன் என்று எனக்கே தெரிந்தது. ஏறிப் பார்க்கத்தான் கம்பம் இல்லை. இப்படியே இருந்தால் பிழைப்பதே கஷ்டம், பிழைத்தாலும் நடப்பதும் பேசுவதும் சந்தேகம் என்றார் டாக்டர். ஆனால் சில நாள் கழித்து இன்னொரு தடவை எடுத்துப் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாதாம்.

மனைவியிடம் சொல்ல பஸ் ஏறினேன். சொல்ல வேண்டியதையெல்லாம் வழியில் அடுக்கி வைத்திருந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "பால் குடிச்சாளா?"

மூக்கில் டியூப் வழியாகக் கொடுக்கிறார்கள் என்றேன்.

"யாரு பாலு?"

அதை நான் விசாரிக்கவில்லை. மறுநாளே தையலோடு கிளம்பிவிட்டாள்.

இரண்டாவது தடவை எடுக்கும்போது நாங்கள் இருவரும் பக்கத்தில் நின்றோம். மருந்தில் ஃபிட்ஸ் நின்றிருந்தது. இப்போது கோடுகள் சின்னச் சின்ன அலைகளாக விடாமல் ஓடின. டாக்டர் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது. அந்த நேரம் பேனாக்கள் அப்படியே நின்றன. காகிதமும் நின்றது. மனைவி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாம்மா, புள்ள போச்சா?"

"புள்ள நல்லா இருக்கு. கரண்ட்தான் போச்சு."

தலைக்கு மேலே ஃபேன் நின்றிருந்ததை அந்த அறையில் கடைசியாகக் கவனித்தவன் நான்.

கரண்ட் வந்து மீதியையும் எடுத்தபின், இவ்வளவு சீக்கிரம் அலைகள் தேறியது நல்ல அறிகுறி என்றார் டாக்டர். நடையும் பேச்சும் தாமதமாகலாம், ஆகாமலும் போகலாம், இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். செஞ்சியில் என் மாமனாருக்கு இது பிடிக்கவில்லை. அவ்வளவு பெரிய மிஷின், ஆமாம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லாதா என்றார்.

நடை தாமதமானது. இடது கால் இன்றும் கொஞ்சம் இழுக்கும். பேச்சு மட்டும் யாருடைய கணக்குக்கும் காத்திருக்கவில்லை. இரண்டு வயதில் பரிசோதனைக்குக் கூட்டிப் போனபோது அதே டாக்டர் ஒரு பூனைப் படத்தைக் காட்டி, இது என்ன என்று கேட்டார்.

"உனுக்குத் தெரியாதா?" என்றாள் மகள்.

பேச்சு நார்மல் என்று டாக்டர் எழுதிக்கொண்டார். மரியாதையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.