மூளிக்கு முதல் மடவை

சுப்பராயலுவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பெண்டாட்டி தேவகியிடம் கத்துவார், சிக்கலான வலையிடம் கத்துவார், காற்று திசை மாறினால் காற்றையும் திட்டுவார். அந்தக் குரல் இறங்குவது ஒரே ஒரு ஜீவனிடம்தான். பழவேற்காட்டு முகத்துவாரத்துக்கு வரும் ஓங்கில் அது; பட்டணத்தில் டால்பின் என்பார்கள். பார்க்க மீன் மாதிரி இருந்தாலும் ஓங்கில் மீனல்ல. குட்டி போட்டுப் பால் கொடுக்கும், மூச்சுவிட மேலே வரும். முதுகுச் செட்டை கிழிந்திருந்ததால் அதற்கு மூளி என்று பெயர் வைத்திருந்தார்.

ஏரி கடலோடு சேரும் வாயை மணல் அடிக்கடி தூர்த்துவிடும். மழைக்காலத்தில் ஊரே கூடி வெட்டித் திறக்க வேண்டும். எங்கே வெட்டுவது என்று சவுக்குக் கழி நட்டுச் சொல்வது, அவருடைய நைனாவுக்குப் பிறகு சுப்பராயலுவின் பொறுப்பு. வாய் திறந்ததும் துடுப்பால் தண்ணீரை மூன்று முறை அறைவார். அந்தச் சத்தத்துக்கு ஓங்கில்கள் வரும். வலையில் விழும் முதல் மடவை மீன் மூளிக்கு, அப்புறம்தான் ஊருக்கு.

எழுபத்து நாலில் தூரத்தில் ஒரு கப்பல் தரைதட்டியது. மூன்றாம் நாள் கரையெல்லாம் கறுப்பு எண்ணெய். எவன் கப்பல், எவன் எண்ணெய் என்று சொல்ல ஒரு நாதியும் வரவில்லை. வீட்டுக்கு ஓர் ஆளாக இறங்கி எண்ணெய் மணலைக் கூடைகூடையாக வாரினார்கள். எங்கே கொட்டுவது என்று கேட்டதற்கு, வடக்கே இருந்த மணல்மேட்டைக் காட்டியவர் சுப்பராயலு.

“ஆழமா பொதைச்சுடுங்கடா. பூமாதேவி முழுங்கிடுவா” என்றார்.

அடையாளத்துக்கு ஒரு கல்கூட யாரும் நடவில்லை.

கரை வெளுத்தது, ஊர் மறந்தது. மூளியை மட்டும் அந்த எண்ணெய் விடவில்லை. சளி கட்டிய கிழவன் மாதிரி அதன் மூச்சு கரகரத்தது. அடுத்த எட்டு வருஷத்தில் மூன்று குட்டிகள் செத்தே பிறந்து கரை ஒதுங்கின. மூன்றுக்கும் மஞ்சள் பூசி, கோடித் துணி சுற்றிப் புதைத்தார் சுப்பராயலு.

“அந்த எண்ண இன்னும் அவ வவுத்துல கீது போல” என்பாள் தேவகி.

எண்பத்து மூன்றில் மூளி உயிருள்ள குட்டியோடு வந்தது. சுப்பராயலு வேட்டி அவிழ்வது தெரியாமல் வீட்டுக்கு ஓடினார். “மூளிக்கு உசுரோட குட்டி கீதுமே!” என்று கத்தி, தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தார். பெற்ற பிள்ளைக்குக்கூட அந்த மனிதர் அப்படிக் குதித்ததில்லை.

அந்தக் கார்த்திகையில் வாய் அடைத்து, ஏரித் தண்ணீர் குடிசை வாசலுக்கு ஏறியது. எண்ணெய் புதைத்த மணல்மேட்டை அலையும் காற்றும் எப்போதோ அடையாளம் தெரியாமல் உருமாற்றியிருந்தன. பார்த்துப் பார்த்துத்தான் கழி நட்டார். வெட்டத் தொடங்கிய இரண்டாம் நாள் தேவகியின் தம்பி தருமலிங்கம் மண்வெட்டியை நிறுத்தினான். மண் கறுப்பாக வந்தது. பழைய நாற்றம் அப்படியே அடித்தது.

“மாமா, இது அந்த எண்ண. வேற எடத்துல வெட்டலாமா?”

வேறு இடமென்றால் இன்னும் நாலு நாள். தண்ணீரோ வாசலில் நிற்கிறது. நட்ட கழியைப் பிடுங்குவதும் அவருக்குப் பழக்கமில்லை. குட்டியின் நினைப்பு வரத்தான் செய்தது. அதை அடக்கிக்கொண்டார்.

“ஒம்போது வருசத்து எண்ண, செத்துப்போச்சிடா. இனிமே இன்னா பண்ணும்? வெட்டு!”

வாய் திறந்தது. ஓடிய தண்ணீரின் மேல் எண்ணெய் பல நிறமாகப் படர்ந்தது. சுப்பராயலு அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, வழக்கம் விடுமா, துடுப்பால் மூன்று முறை அறைந்தார். மூளி வந்தது. பக்கத்தில் குட்டி. அந்தப் படலத்துக்குள்ளேயே தலை தூக்கி அது மூச்சு வாங்கியது. முதல் மடவையை வீசிப் போட்டார்.

பதினேழாம் நாள் குட்டி செத்தது. இரண்டு நாள் மூளி அதை மூக்கால் தூக்கித் தூக்கி மேலே கொண்டுவந்தது, மூச்சு விடட்டும் என்று. ஐயோ, அதைக் கரையில் நின்று பார்த்தவர்கள் அன்று சோறு தின்னவில்லை. குட்டி ஒதுங்கியதும் சுப்பராயலு அதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“எண்ணய ஊத்தனவன் எவனோ. பொதைச்ச எடத்த மறந்தவன் நானு. தெரிஞ்சும் வெட்டச் சொன்னவன் நானு. கூப்ட்டு வச்சிக் கொன்னவனும் நான்தான்” என்று ஊர் முன்னால் சொன்னார்.

அடுத்த வருஷம் தெற்கே வெகுதூரம் தள்ளிக் கழி நட்டார். ஆனாலும் பழைய வெட்டிலிருந்து எண்ணெய் கசிந்தபடிதான் இருந்தது. வாய் திறந்ததும் ஊர் அவர் முகத்தைப் பார்த்தது. அவர் துடுப்பைத் தொடவில்லை.

கூப்பிடாமலே தூரத்தில் கிழிந்த செட்டை தெரிந்தது. தனியாக வந்திருந்தது மூளி. சுப்பராயலு துடுப்பை எடுத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்.

“வராதடீ! இங்க ஒண்ணும் இல்ல, போ! போயிடுடீ!”

விரட்டுவதாக நினைத்துத் தண்ணீரை ஓங்கி அறைந்தார். ஒன்று. இரண்டு. மூன்று.

மூளி ஒரு கணம் நின்றது. பிறகு, கூப்பிட்டவரை நோக்கி நேராக வந்தது.