அழுத்தினால் மட்டும் இறங்கட்டும்

மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே, சிக்னல் செத்துப் பிழைக்கும் படிக்கட்டில் உட்கார்ந்து, விரிசல் விழுந்த பழைய போனில் தான் அமைத்த வலைப்பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் அக்கா. மேசையில் வேகமான கணினி சும்மா கிடக்கிறது. பார்வையற்றோருக்கான ஒலிநூலகத்தில் வலைப்பக்கம் அமைப்பவர். அலுவலகத்தில் எல்லோருக்கும் ‘படிக்கட்டு அக்கா’. ஏறி இறங்குகிறவர்களுக்குக் காலை மடக்கி வழிவிடுவார். கண் போனை விட்டு நகராது. “இங்க ஓடுச்சுன்னா எங்கயும் ஓடும்” என்பார்.

போன மாதம் ஒருவர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். பார்வை போனபின் வீட்டோடு முடங்கிய லாரி ஓட்டுநர். “என்னம்மா இது? நான் கேக்கறது ஒரே ஒரு அத்தியாயம். உங்க பக்கத்தைத் தொறந்தாலே அன்னிக்கு டேட்டா காலி. மீதி நாள் பூரா சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.” சற்று நிறுத்தி அவரே சிரித்தார். “பாக்கறதாவது!”

அக்காவுக்குச் சுருக்கென்றது. நோண்டிப் பார்த்தால், பக்கம் திறந்த மறுகணமே அந்த நூலின் அறுபது அத்தியாயங்களும் முண்டியடித்துக்கொண்டு இறங்கின. அப்படி எழுதி வைத்தவரும் அவரேதான். அன்றைக்கே, முன்கூட்டி இறக்கச் சொல்லும் ‘ப்ரீலோட்’ கட்டளையை மாற்றினார்: பொத்தானை அழுத்தும்வரை எதையும் இறக்காதே.

இப்போது வேறொரு வம்பு. எந்த அத்தியாயம் எத்தனை நிமிடம் என்பது தெரியாமல் போயிற்று. அந்த விவரத்தை மட்டும் முன்கூட்டி இறக்கச் சொல்லிப் பார்த்தார். அறுபதுக்கும் சேர்த்துப் பழைய போன் மூச்சு வாங்கியது. கடைசியில் ஒவ்வொரு தலைப்புக்குப் பக்கத்திலும் நேரத்தைத் தன் கையாலேயே தட்டச்சிட்டார். எல்லா நூல்களுக்குமாக நான்கு நாள் பிடித்தது.

மேலாளர் முகம் சுளித்தார். “அழுத்துனா உடனே பேச மாட்டேங்குதே? ரெண்டு செகண்ட் முழிக்குது.”

“முழிக்கட்டும் சார். அந்த டிரைவர் ரெண்டு செகண்ட் காத்திருப்பாரு. நாள் பூரா காக்க வெச்சோமே, அதுக்கு என்ன சொல்றீங்க?”



நேற்று மத்தியானம் ஓட்டுநர் தன் போனில் கதையை ஓடவிட்டு, மனைவியின் போனிலிருந்து கூப்பிட்டார். “மூணு அத்தியாயம் முடிச்சுட்டேன்மா, இன்னும் டேட்டா மிச்சமிருக்கு! இருங்க இருங்க, நாலாவது ஆரம்பிக்குது...”

அப்புறம் பேச்சில்லை. இணைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டார். எதிர்முனையில் கதை ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ கேட்க வந்த மேலாளரைப் பார்த்து, போனைக் காதிலிருந்து எடுக்காமலே, அக்கா உதட்டின் மேல் விரலை வைத்தார்.