மணி அடிக்காத பக்கம்

இர்மா காச்மாரெக்கின் கையெழுத்தைப் படிக்காத பிள்ளை அந்தக் காலத்துக் கிளீவ்லாந்தில் கிடையாது. ஆனால் ரொம்ப காலம் அவள் பெயர் ஒருவருக்கும் தெரியாது. காமிக்ஸ் என்றால் எழுதியவனைத் தெரியும், வரைந்தவனைத் தெரியும். ஆட்கள் பேசுவதைக் காட்டும் பலூனுக்குள் எழுத்துப் போடுகிறவளை யார் கேட்டார்கள்? எனக்கு அதில் இன்றைக்கும் கோபம்தான்.

நான் ஆர்லோ ஃபிஞ்ச். அதே கம்பெனியில் பக்கம் ஒட்டும் வேலை. எழுத்துப் போட்டு வந்த பக்கத்தைச் சரிபார்த்து, விட்டுப்போனதை வெட்டி ஒட்டி, அச்சகத்துக்கு அனுப்புவது என் பாடு. இருபத்திரண்டு வருஷம் இர்மாவின் பக்கங்கள் என் மேசைக்கு வந்தன. எழுத்தாளன் எழுதிக் கொடுத்ததில் ஒரு கமாவைக்கூட அவள் மாற்றியதில்லை. தப்பாக எழுதியிருந்தால் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுவாள், அவ்வளவுதான். அவளுக்கென்று இருந்த உரிமை ஒன்றே ஒன்று: எந்தப் பலூனை எங்கே வைப்பது என்பது அவள் முடிவு.

எங்கள் கம்பெனிக்குச் சோறு போட்டவன் மணிக்காரன் என்கிற காமிக்ஸ் நாயகன். செய்யாத கொலைக்காகக் கோயில் மணிக் கயிற்றிலேயே தூக்கிலிடப்பட்டு, கல்லறையிலிருந்து எழுந்து வந்தவன். அவன் ஒரு உயிரை எடுக்கும்போது எங்கிருந்தோ மணி அடிக்கும். 'டோங்' என்று கட்டத்தின் பாதியை அடைத்துக்கொண்டு, விரிசல் விட்ட எழுத்தில் இர்மா அதைப் போடுவாள். மணி அடித்தால் ஆள் காலி. அடிக்காவிட்டால் பிழைத்தான். இது ஏழு வயதுப் பையனுக்கும் தெரிந்த சட்டம். பேய், பிசாசு, பாதி அழுகின பிணம் என்று ஐம்பத்தெட்டு இதழ்களில் எத்தனையோ பேருக்கு மணி அடித்தாயிற்று. மனுஷனுக்கு மட்டும் அடித்ததில்லை. கொலைகாரனை நடுங்க வைத்து போலீஸ் வாசலில் போட்டுவிட்டுப் போவான், அதோடு சரி.

எண்பத்து மூன்றாம் வருஷம் விற்பனை படுத்துவிட்டது. புதிதாக வந்த ஆசிரியர் வேட் ஹாலொரன், இருபத்தொன்பது வயசு, துள்ளிக்கொண்டிருந்தான். கதையையும் அவனே எழுதினான். ஐம்பத்தொன்பதாம் இதழில் மணிக்காரன் முதல்முறையாக ஒரு மனுஷனைக் கொல்லப்போகிறான். யாரை? குடித்துவிட்டு லாரி ஓட்டி ஒருவனைக் கொன்ற டிரைவரை. அந்த ஆள் மண்டியிட்டு அழுவான். மணி அடிக்கும்.

படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இர்மாவின் கணவன் காஸ், வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து வந்தபோது இப்படி ஒரு குடிகாரன் லாரியில்தான் அடிபட்டுச் செத்தான். பதினோரு வருஷமாக அலுவலகத்தில் ஒருத்தர் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

"உனக்கு மண்டையில ஏதாவது இருக்கா? இதை எழுத்துப் போட அவளுக்கா அனுப்புனே?" என்று வேட் அறையில் போய்க் கத்தினேன்.

அவன் முகம் சுருங்கிவிட்டது. "தெரிஞ்சுதான் ஆர்லோ எழுதினேன். கோர்ட் அவனுக்கு மூணு வருஷம்தானே குடுத்துச்சு? அவங்க கையாலயே அந்த மணியை அடிக்கட்டும்னு நினைச்சேன். அவங்களுக்காகத்தான்."

பயல் நிஜமாகவே நல்லது செய்வதாக நினைத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இர்மா வந்தாள். கறி மடிக்கிற பழுப்புக் காகிதத்தில், வீட்டில் எழுதி முடித்த பக்கங்களைச் சுற்றி, வழக்கம்போல் பஸ்ஸில். பூட்ஸில் பனி. நாலு மணிக்கு அச்சகத்து வண்டி வரும். பக்கங்களை என் மேசையில் வைத்தாள். இருபதாம் பக்கம், கடைசிக் கட்டம். மணியைக் காணோம்.

"வசனம் அத்தனையும் இருக்கு. எண்ணிப் பாத்துக்க. மணி போடலை" என்றாள்.

வேட் ஓடி வந்தான். "இர்மா, நான் உங்களுக்காக…"

"தெரியும் தம்பி. நல்ல மனசு உனக்கு. ஆனா பதினோரு வருஷமா தினம் அவனை என் மனசுல கொன்னுக்கிட்டுத்தான் இருக்கேன். அந்த மணிச் சத்தம் எப்படி இருக்கும்னு உன்னைவிட எனக்கு நல்லாத் தெரியும். அதை அச்சடிச்சு பிள்ளைங்க கையில குடுக்க மாட்டேன். வேலையை விட்டு அனுப்புறதுன்னா அனுப்பு."

வேட்டுக்கும் ரோஷம் வந்தது. "புத்தகம் நின்னா இங்க எல்லாரும்தான் வீட்டுக்குப் போகணும். ஆர்லோ, பழைய மணி ஒண்ணை எடுத்து ஒட்டு."

என் இழுப்பறையில் பழைய 'டோங்' எழுத்துகளின் பிரதி நாற்பது இருக்கும். ஒன்றை வெட்டி ஒட்டினால் முடிந்தது வேலை. இர்மாவைப் பார்த்தேன்.

"என்னை ஏன் பாக்குறே? அது உன் கை, உன் பசை" என்றாள்.

மணியை எடுத்துக் கட்டத்தின் மேல் வைத்தேன். இடது பக்கம் வைத்தால் மணிக்காரன் முகம் மறைந்தது. கீழே வைத்தால் டிரைவர் மறைந்தான். மேலே மணிக்கென்று ஓவியர் விட்டிருந்த வெற்று வானத்தில், அகலமாக ஒரு பலூன் உட்கார்ந்திருந்தது. மண்டியிட்டவனின் பேச்சு. 'நான்தான் செஞ்சேன். அவர் பேர்கூட எனக்குத் தெரியாது. ப்ளீஸ்.' இர்மா அதைச் சின்ன எழுத்தில், ஒவ்வொன்றும் நடுங்குகிற மாதிரி போட்டிருந்தாள். அவ்வளவு அக்கறையோடு அவள் எழுதி நான் பார்த்ததில்லை.

அடிப்பாவி, வசனத்தில் கைவைக்காமலே, பலூன் வைக்கிற தன் உரிமையாலேயே மணியின் வழியை அடைத்துவிட்டாளே!

"வேட், மணி ஒட்டணும்னா இந்த வசனத்தை வெட்டணும். வேற இடமே இல்லை. நீ எழுதின வசனம். நீயே வெட்டு" என்று கத்தரியை நீட்டினேன்.

அவன் கத்தரியை வாங்கிக்கொண்டு குனிந்து படித்தான். தானே எழுதியதுதான். ஆனால் அந்தக் கையெழுத்தில் இப்போதுதான் படிக்கிறான். மறுபடி படித்தான். கீழே வண்டியின் ஹாரன் கேட்டது. கத்தரியை மேசையில் வைத்தான்.

"அனுப்பிடு" என்றான்.

அந்த இதழுக்கு வந்த கடிதங்களை மூட்டையாகத்தான் கட்ட வேண்டியிருந்தது. 'மணி எங்கடா?' என்று பாதிப் பேர் திட்டினார்கள். மீதிப் பேர் மணிக்காரனை இப்போதுதான் பிடிக்கிறது என்று எழுதினார்கள். புத்தகம் இன்னும் ஆறு வருஷம் ஓடியது. மனுஷனுக்கு மணி அடிக்கவே இல்லை. எல்லாரும் வேட் ஹாலொரனின் துணிச்சலைப் பாராட்டினார்கள். அவனும் ஒவ்வொரு தடவையும், "நான் இல்லீங்க, இர்மா காச்மாரெக்" என்பான். நல்ல பயல்தான். அறுபதாம் இதழிலிருந்து அவள் பெயரை முதல் பக்கத்தில் பெரிசாகப் போட வைத்தவனும் அவனே. அந்த எழுத்தை ஒட்டியது நான். இதில் எனக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் பொய்.

அவள் ஓய்வு பெற்ற அன்று, கேக் வெட்டி முடித்த பிறகு, இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன். "அந்த டிரைவரை நீ மன்னிச்சிட்டியா இர்மா?"

"மன்னிக்கிறதா? போடா" என்றாள், தட்டிலிருந்த கேக்கைக் கரண்டியால் வழித்துக்கொண்டே. "இன்னிக்கும் இல்லை. அந்த மணியை நான் போட்டா அது நிஜமாவே அவனைக் கொல்றதுதான். மன்னிச்சிருந்தா அந்த மணியைப் போட்டுட்டுப் போயிருப்பேன். வெறும் வேலைதானேன்னு."