பச்சை விளக்கு எரிந்த பதினோரு நிமிடம்

தலைமையாசிரியை அறையிலிருந்து வெளியே வந்து ஏழாவது அடி வைக்கும்போது குனிந்து பார்த்தேன். என் கழுத்தில் தொங்கிய டிரான்ஸ்மிட்டரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சிவப்பு எரிந்திருக்க வேண்டும்.

பதினோரு நிமிடமாக அது பச்சையாகவே எரிந்திருந்தது.

1. பீரோவில் இருந்தவை

காது கேளாத, கண் தெரியாத மாணவர்களுக்கான கருவிகளோடு இப்போது வேலை செய்கிற இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஆசிரியன் அல்ல. காஞ்சிபுரத்தில் ஓர் உதவி பெறும் பள்ளியில் முப்பத்தொரு வருடம் ஆய்வக உதவியாளனாக இருந்தேன். சிறப்பாசிரியர் பணியிடம் காலியாகி ஆள் வராததால், கடைசி நான்கு வருடம் கருவிகளும் என் தலையில் விழுந்தன. காதுக் கருவி ஆறு, பேட்டரி அட்டை பதினான்கு, பிரெய்ல் பலகை மூன்று, எழுத்தைப் பெரிதாக்கும் கண்ணாடி இரண்டு, எஃப்.எம். செட் ஒன்று. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை எண்ணுவேன். சரியாக எண்ணினேனா என்ற சந்தேகத்தில் மறுபடியும் எண்ணுவேன்.

எஃப்.எம். செட் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆசிரியர் கழுத்தில் மைக்கோடு டிரான்ஸ்மிட்டர். மாணவியின் காதுக் கருவிக்கு அடியில் விரல் நகம் அளவுக்கு ரிசீவர். ஆசிரியர் பேசுவது, வகுப்பின் இரைச்சல் எதுவும் கலக்காமல், நேராக அவள் காதுக்குள் போகும். முப்பது மீட்டர் வரை பிடிக்கும். நடுவில் ஒன்றிரண்டு சுவர் இருந்தாலும் போகும். பச்சை எரிந்தால் பேச்சு போகிறது என்று பொருள். சிவப்பு எரிந்தால் ம்யூட்.

அதைப் பயன்படுத்தியவள் பவித்ரா, பத்தாம் வகுப்பு. பிள்ளையார்பாளையத்தில் வீடு. அம்மா செல்வி வீட்டிலேயே தறி நெய்பவர். தறி ஓடும் நேரத்தில் கருவியைப் போட்டால் தலைக்குள்ளேயே பலகை அடிப்பதுபோல இருக்கிறது என்று வீட்டில் கழற்றி வைத்துவிடுவாள். பள்ளியில் கழற்றவே மாட்டாள்.

அவளிடம் ஒரு பழக்கம். மைக்கில் வருகிற எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவிடுவாள். எது பாடம், எது வெறும் பேச்சு என்று பிறகு உட்கார்ந்து பிரித்துக்கொள்வாள். ஒரு நாள் கணக்கு ஆசிரியர் ம்யூட் போட மறந்து கேன்டீனுக்குப் போய்விட்டார். "ரெண்டு வடை, சட்னி தனியா" என்பது தேற்றத்துக்குக் கீழே அவள் நோட்டில் இருந்தது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

2. பதினொன்று நாற்பது

தை மாதம். அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்கள் வந்துவிட்டன. பொதுத்தேர்வு எழுதுவோரின் பெயர்ப் பட்டியலை, அதாவது நாமினல் ரோலை, மறுநாள் அனுப்ப வேண்டும். பக்கத்துக் கட்டடத்தில் சுவரை டிரில் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் அவளைத் தொந்தரவு செய்யக்கூடாதென்று, ரிசீவரில் இருந்த பொத்தானைக் காலையில் 'மைக் மட்டும்' என்று மாற்றி வைத்தேன். அப்படி வைத்தால் டிரான்ஸ்மிட்டரில் வரும் குரல் மட்டுமே அவளுக்குக் கேட்கும். வெளியே வேறெதுவும் கேட்காது.

ஒவ்வொரு பாடவேளை முடிந்ததும் மைக்கை வாங்கி அடுத்த ஆசிரியரிடம் கொடுப்பது என் வேலை. அன்று கணக்கு ஆசிரியர் கொடுத்ததும் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். இரண்டு கையிலும் பதிவேடுகள். அப்போது தலைமையாசிரியை மேடம் கூப்பிட்டார். உள்ளே போகும்போது கடிகாரத்தில் பதினொன்று நாற்பது.

"ஏகாம்பரம் சார், நாப்பத்தி ஒரு பேரு. இந்த வருஷமாவது சென்டம் காட்டலன்னா மேல என்னால பதில் சொல்ல முடியாது. அந்தப் பொண்ணு தேறுமா?"

எனக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. மேடம் முகத்தைப் பார்த்தேன். அவர் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறார் என்று அதில் எழுதியிருந்தது.

"கஷ்டந்தான் மேடம்."

"எத்தனையில போயிருக்குது?"

"ரெண்டு பாடத்துல ஃபெயில். கணக்கு இருபத்தெட்டு, சயின்ஸ் இருபத்திமூணு."

"கிளாஸ்ல கவனிக்குதா, இல்லியா?"

"மிஷினைக் கழட்டினா ஒண்ணும் கேக்காது. சொல்லப்போனா மிஷினுக்குத்தான் மேடம் பாடம் நடக்குது, அவளுக்கு இல்ல."

மேடம் சிரித்தார். அவர் சிரித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை மறைத்து எழுதிப் பயனில்லை.

"அப்ப அவங்க அம்மாவ வரச் சொல்லி டி.சி. வாங்கிக்கச் சொல்லிடலாமா? பிரைவேட்டா எழுதட்டுமே."

"அதான் மேடம் நல்லது. யாருக்கும் கஷ்டமில்ல."

பிறகு ஆய்வகக் குழாய் ஒழுகுவதைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். வெளியே வந்தபோது பதினொன்று ஐம்பத்தொன்று. ஏழாவது அடியில் பச்சை விளக்கைப் பார்த்தேன்.

மேடம் அறையிலிருந்து பத்தாம் வகுப்புக்கு இருபத்திரண்டு அடி. நடுவில் இரண்டு சுவர்.

3. நோட்டு

அந்த வகுப்பில் ஆசிரியர் இன்னும் வரவில்லை. இரண்டாவது பெஞ்சில் பவித்ராவின் இடம் காலி. பையும் இல்லை. நோட்டு மட்டும் திறந்து கிடந்தது.

"பவித்ரா எங்கம்மா?" என்று பக்கத்தில் இருந்த பெண்ணைக் கேட்டேன்.

"தெர்ல சார். எழுதிக்கினே இருந்தா. திடீர்னு அழுதுக்கினு எழுந்து போயிட்டா. கூப்ட்டேன், அவளுக்கு எங்க கேக்குது?"

நோட்டைப் பார்த்தேன். மேலே பாதி முடிந்த ஒரு கணக்கு. அதற்குக் கீழே, அதே உருண்டைக் கையெழுத்தில்:

கஷ்டந்தான் மேடம்.
ரெண்டு பாடத்துல ஃபெயில்.
மிஷினுக்குத்தான் பாடம், அவளுக்கு இல்ல.
அதான் நல்லது. யாருக்கும் கஷ்டமில்ல.

மைக் என் நெஞ்சில் இருந்ததால் மேடம் பேசியது ஒரு வரிகூட அதில் இல்லை. கேள்வி ஒன்றும் இல்லை. நான்கு வரியும் நான் சொன்னவை. மேடம் பெயரைச் சொல்லித் தப்பிக்க அந்தத் தாளில் இடமே இல்லை.

தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்தேன். ஏன் கிழித்தேன் என்று கேட்டால், முதலில் பயந்தது அவளுக்காக அல்ல, எனக்காக. அவளுக்காகப் பயம் வந்தது அடுத்த நொடியில். வந்த பிறகு அது போகவில்லை.

கேட்டில் வாட்ச்மேன் தாவூத் பாய் எழுந்து நின்றார். "இப்பதான் சார் வெளிய போச்சு. எங்கம்மா போறேன்னு கேட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல."

"எந்தப் பக்கம் பாய்?"

"அதுக்குள்ள ஒரு டூரிஸ்ட் பஸ்ஸு குறுக்க வந்து நின்னுக்கிச்சு. பாக்கல சார்."

அவரைப் பஸ் ஸ்டாண்டு பக்கம் அனுப்பினேன். செல்விக்கு மூன்று முறை போன் செய்தேன். தறி ஓடும்போது அந்த வீட்டில் போன் சத்தம் யாருக்கும் கேட்காது. மேடத்திடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கும் பயம்.

அப்போதுதான் 'மைக் மட்டும்' பொத்தான் நினைவுக்கு வந்தது. அழுதுகொண்டு ரோட்டில் போகிற பெண்ணுக்கு லாரி ஹாரன் கேட்காது. அப்படி வைத்தவன் நான்.

4. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது அடி

கழுத்தில் இருந்ததை நிமிர்த்திப் பிடித்தேன். சார்ஜ் நான்கு கோட்டில் இரண்டு கோடு. அவள் முப்பது மீட்டருக்குள் எங்கேயாவது இருந்தால் நான் பேசுவது கேட்கும். இல்லாவிட்டால் வெறும் காற்றோடு பேசுவதுதான். அவளிடமிருந்து பதில் வர இந்தக் கருவியில் வழி கிடையாது.

பேசிக்கொண்டே அவள் வீட்டுப் பக்கம் நடந்தேன். எண்ணாவிட்டால் கால் ஓடாது என்பதால் அடிகளையும் எண்ணினேன்.

"பவித்ரா, ஏகாம்பரம் சார் பேசறேன். எங்கிருந்தாலும் அங்கயே நில்லு. ரோட்டைக் கடக்காத."

கல்யாணச் சீசன். பட்டுக் கடைகளுக்கு முன்னால் வெளியூர் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும், ஒவ்வொரு கடைப் படியிலும் தேடினேன். ஒரு புரோக்கர் கையை நீட்டி மறித்தார்.

"ஐயா, முகூர்த்தப் பொடவை பாக்கலாமா? நேரா தறிக்கே... ஓ, போன்ல கீறாரு."

மூங்கில் மண்டபம் சந்திப்பில் நின்றேன். அவள் பக்கத்தில் எங்காவது நின்றால் என் குரல் மட்டுந்தானே கேட்கும். ஆகவே கண்ணில் பட்டதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன்.

"லெப்ட்ல ஒரு லாரி வருதும்மா. நில்லு. பின்னால ரெண்டு ஆட்டோ. இன்னும் போகாத. ஒரு பஸ்ஸு. இப்ப போகலாம். இப்ப போ."

ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் தலையை வெளியே நீட்டினார். "இன்னா பெருசு, நியூஸ் வாசிக்கிறியா? அப்படியே நாளைக்கு மழ வருமான்னும் சொல்லு."

அவரோடு இருந்தவர்கள் சிரித்தார்கள். எண்ணிக்கை தவறியது. எழுநூற்றுப் பத்திலிருந்து மறுபடி தொடங்கினேன்.

நான்கு சந்திப்புகளைக் கடந்தேன். நான்காவதில் சொல்ல மறந்துவிட்டேன். கடந்த பிறகுதான் நினைவு வந்தது. எங்காவது பிரேக் சத்தம் கேட்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் சர்வதீர்த்தக் குளம். மழைக்காலம் முடிந்து குளம் நிறைந்திருந்தது. படியில் இறங்கித் தண்ணீரைப் பார்த்தேன். ஏதோ மிதந்தது. துணி. இன்னும் இரண்டு படி இறங்கிப் பார்த்தேன். யாரோ விட்டுப்போன பழைய துண்டு.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது அடி. சார்ஜ் ஒரு கோடு.

"பவித்ரா, கேக்குதாம்மா? நான் பயந்துட்டேன். மேடம் கேட்டதும் அவங்களுக்கு எது புடிக்குமோ அதச் சொல்லிட்டேன். மிஷினுக்குப் பாடம்னு சொன்னேன் பாரு, அது மேடம் சிரிக்கணும்னு சொன்னது. நான் உன் நோட்டப் பாத்திருக்கேன். உன்ன மாதிரி எழுதறவங்க அந்தக் கிளாஸ்ல யாருமில்ல. நீ எழுது. ரெண்டு பாடந்தான, ரெண்டையும்..."

"ஒண்ணுதான் சார்."

திரும்பினேன். எனக்கு ஆறு படி மேலே பையை அணைத்துக்கொண்டு நின்றாள். முகம் வீங்கியிருந்தது. பேசும்போது அவளுக்குச் சில எழுத்துகள் மழுங்கும். அன்று எல்லாம் தெளிவாகக் கேட்டது.

"ரெண்டு பாடம் இல்ல. சயின்ஸ்ல இருபத்திமூணு தியரிதான். பிராக்டிகல் இருபத்திநாலு. கூட்டினா நாப்பத்தியேழு. பிராக்டிகல் நோட்டுல நீங்கதான் எழுதினீங்க."

ஆமாம். அந்தப் பதிவேடு என் மேசை இழுப்பறையில் இருந்தது. மேடத்துக்கு எதிரில் நின்றபோது அதை நான் நினைக்கவே இல்லை. பேட்டரி அட்டையைத் தினம் இரண்டு முறை எண்ணியவன் இதைக் கூட்டாமல் விட்டேன்.

"எப்பம்மா வந்தே?" என்றேன்.

"கேட்லேருந்து. ஜெராக்ஸ் கடைகிட்ட நின்னுக்கினு இருந்தேன். வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட இன்னா சொல்றதுன்னு தெர்ல. நீங்க பேசறது கேட்டுச்சு. பின்னாலயே வந்தேன்."

வழி முழுவதும் முன்னால் தேடினேன், இரண்டு பக்கமும் தேடினேன். ஒரு தடவைகூடப் பின்னால் பார்க்கவில்லை.

"ரோட்டுல?"

"நில்லுன்னீங்க, நின்னேன். போகலாம்னீங்க, வந்தேன்."

"கடைசி ரோட்டுல நான் ஒண்ணும் சொல்லலியேம்மா!"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நானே பாத்து வந்தேன். கண்ணு இருக்குதுல்ல சார்."

5. நாற்பத்தொன்றாவது பெயர்

ரிசீவர் பொத்தானை மாற்றினேன். தாவூத் பாய்க்குப் போன் செய்து சொன்னேன். ஆட்டோவில் திரும்பினோம்.

பிராக்டிகல் பதிவேட்டை எடுத்துக்கொண்டு மேடம் அறைக்குள் போனேன். பவித்ராவும் வந்தாள். டிரான்ஸ்மிட்டரை மேசை நடுவில் வைத்தேன்.

"மேடம், பதினொன்னே முக்காலுக்கு நான் சொன்ன கணக்கு தப்பு. சயின்ஸ்ல பாஸ். நாப்பத்தியேழு."

மேடம் பதிவேட்டைப் பார்க்கவில்லை. பச்சை விளக்கையே பார்த்தார். "அது ஆன்ல இருக்குதா?"

"இருக்குது மேடம். அப்பவும் இருந்துச்சு."

அவர் பவித்ராவை நிமிர்ந்து பார்த்தார். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். பேனா மூடியைத் திருகினார். பிறகு, என்னிடம் பேசுவதுபோல மைக்கைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னும் கணக்குல ஏழு மார்க்கு வேணுமே. அதுக்கு யாரு பொறுப்பு?"

நான் வாயைத் திறக்கும் முன் பதில் வந்தது.

"நான் மேடம்."

நாற்பத்தொன்றாவது பெயராக அவள் பெயர் போனது. அது அங்கே இருக்கிறதா என்று மறுநாள் அனுப்பும் முன் மூன்று முறை பார்த்தேன். பொதுத்தேர்வு முடிவு வந்த காலையில், அவள் எண்ணைத் தட்டச் சொல்லி வேறொருவரிடம் போனைக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றேன். கணக்கில் முப்பத்தெட்டு.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது என்னவென்றால், பாடவேளை முடிந்ததும் ம்யூட் போடுங்கள். 'மைக் மட்டும்' பொத்தானைப் பிள்ளை வகுப்பை விட்டு எழும் முன் பழையபடி மாற்றுங்கள். இவை கருவியோடு வரும் புத்தகத்திலேயே இருக்கின்றன. புத்தகத்தில் இல்லாத ஒன்று உண்டு. கிழித்த தாளை அன்று மாலையே அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். அவள் அனுமதியோடு ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டேன். நான்கு வரி. ஒரு பிள்ளையைப் பற்றி அது இல்லாத இடத்தில் பேசும்போது, நீங்கள் சொல்வதை மட்டும், கேள்வி இல்லாமல், அது எழுதிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. யாரைப் பற்றியாவது ஏதாவது சொல்ல வாயெடுத்தால் இன்னமும் குனிந்து நெஞ்சைப் பார்க்கிறேன். அங்கே சட்டைப் பொத்தான்தான் இருக்கிறது. இருந்தாலும் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன்.