வெந்நீர்க் குளத்தில் இருபது நிமிடம்

அந்த ஐந்து நாளில் பெர்மெத் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம்தான். “அம்மா, எர்மெக்கை எங்ககூட அனுப்புங்க.” காரில் வரும்போது மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வாய்விட்டே சொல்லிப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் வந்தது. மாமியாரின் முகத்தைப் பார்த்ததும் “டீ ஊத்தட்டுமா” என்றுதான் கேட்டாள். தலைநகர் பிஷ்கேக்கில் அவளும் புருஷனும் குடியிருக்கும் தெருமுனைப் பள்ளியில் பையனுக்கு ஓர் இடம் பிடித்து வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் ஆளைக் கொண்டுவந்து காட்டாவிட்டால் வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம் என்று அங்கே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். இன்று புதன்கிழமை.

எர்மெக் அவள் பெற்ற பிள்ளை. மாமியார் ஊரான அத்பாஷியில் இது எல்லாருக்கும் தெரியும், எர்மெக்கைத் தவிர. எங்கள் பக்கத்தில் முதல் பிள்ளை பெரியவர்களின் பிள்ளை. பால் மறந்ததும் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போய்விடும், அவர்களைத்தான் அப்பா அம்மா என்று கூப்பிடும். பெற்றவள் அதற்கு அண்ணி, பெற்றவன் அண்ணன். இருபத்திரண்டு வயதில் பெர்மெத் அதைப் பெருமையாகத்தான் செய்தாள். வீடு முழுக்க உறவினர், ஆடு வெட்டினார்கள், மாமியார் அவள் நெற்றியில் முத்தமிட்டாள். “நீ எனக்கு உசுர் குடுத்துட்டே” என்றாள். அன்று ராத்திரி மார்பை வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்தாள். அடுத்த பிள்ளையை நீயே வைத்துக்கொள் என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். அடுத்த பிள்ளை இரண்டு தடவை வயிற்றுக்கு வந்து இரண்டு தடவையும் தங்காமல் போனது. இனிமேல் கஷ்டம் என்று போன குளிர்காலத்தில் டாக்டர் சொல்லிவிட்டாள். அதைக் கேட்டுவிட்டு நேராகத் தையல் கம்பெனிக்குப் போய் மாலைவரை சட்டைக் கை தைத்தவள் பெர்மெத். அழுவதற்கு மேஸ்திரி அங்கே நேரம் கொடுப்பதில்லை.

இசிக்குல் ஏரிக்கரையில் இருந்த ஒரு பழைய ஓய்வில்லத்துக்கு எல்லாரையும் கூட்டிவந்தது அவள் புருஷன் மிர்லான். “அங்க போனா அம்மா மனசு குளுந்திருக்கும், நானே பேசுறேன்” என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னவன், வந்த முதல் நாள் மாலையோடு வாயை மூடிக்கொண்டான். கேட்டால் காரில் ஏதோ சத்தம் வருகிறது என்பான், காரடியில் போய்ப் படுத்துக்கொள்வான். பெர்மெத் தன் பங்குக்கு ஒன்று செய்தாள். கம்பெனியில் மிஞ்சிய துணியில், சூரியகாந்திப் பூப் போட்டு, மாமியாருக்கு ஒரு நீச்சல் உடை தைத்து எடுத்துவந்தாள். மாமியார் கல்புபு அதை விரித்துப் பார்த்துச் சிரித்தாள். “அறுபத்திரண்டு வயசுல என்னைய பூந்தோட்டமா ஆக்கிட்டியேடி” என்றாள். சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டாள். அப்போதே கேட்டிருக்கலாம்.

மூன்று நாள் ஏரியில் குளித்தார்கள். நான்காம் நாள் காற்று மாறி ஏரி கறுத்துப் புரண்டதால், எர்மெக் ஓய்வில்லத்து வெந்நீர்க் குளத்துக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். பூமியிலிருந்து வரும் கந்தக நீர், நாற்பது டிகிரிக்குச் சற்றே குறைவு. அங்கே சத்தம் கூடாது, குதிக்கக் கூடாது, தின்னக் கூடாது, இருபது நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. குடும்பம் குடும்பமாகக் கழுத்தளவு நீரில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுவது போலப் பேசிக்கொள்வார்கள். அல்மாட்டியிலிருந்து வந்த ஒரு குண்டு மனிதர் துண்டுக்குள் ஒளித்துவைத்த வேகவைத்த சோளத்தைச் சத்தமில்லாமல் கடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி பார்க்காதது போல இருந்தாள். அடுத்த குடும்பத்துப் பேச்சு முழுவதும் காதில் விழ வேண்டும், ஆனால் ஒருவரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. அதுதான் அந்தக் குளத்தின் மரியாதை.

மருமகளுக்கு இன்னொரு மரியாதையும் இருந்தது. மாமனார் இருக்குமிடத்தில் தலைத்துணியை எடுக்கக் கூடாது, காலைக் காட்டக் கூடாது. ஆகவே பெர்மெத் நீண்ட கவுனோடும் முக்காட்டோடும் கரைப் பெஞ்சின் ஓரத்தில் தேநீர் பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கவுனுக்கு அடியில் நீச்சல் உடை போட்டிருந்தாள். எதற்குப் போட்டாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. மறுமுனையில் மாமனார் தோரோன்பெக், குளத்தில் இறங்கும் பழக்கமில்லாதவர், கம்பளித் தொப்பியோடு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மிர்லான் வழக்கம்போல வெளியே காரடியில். எர்மெக் படியில் காலை வைத்ததும் குளத்தைக் காக்கும் ரைசா வந்துவிட்டாள். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் விசில்.

“பையனுக்கு எத்தனை வயசு?”

“ஆறரை” என்றாள் கல்புபு.

“அப்போ அம்மாவோ அப்பாவோ தண்ணிக்குள்ள கூட நிக்கணும். கை எட்டுற தூரத்துல. பாட்டி, சித்தி எல்லாம் இங்க செல்லாது. போன மாசம் ஒரு சித்தி போன்ல பேசிக்கிட்டே நின்னுச்சு, நான் கோட்டோட குதிச்சேன். இவன் அம்மா யாரு?”

பெர்மெத்தின் வாய் திறந்தது. ஆறு வருடமாக அவளை யாரும் கேட்காத கேள்வி அது. ஒரு வார்த்தை போதும். சொன்னால் யாரும் பொய் என்று சொல்ல முடியாது. பிளாஸ்க் மடியிலிருந்து சரிந்தது. அதைப் பிடிக்கக் குனிந்தாள், அவ்வளவுதான் தாமதம்.

“இதுதான் எங்கம்மா” என்று எர்மெக் கல்புபுவின் கையைப் பிடித்து இழுத்தான்.

ரைசா கிழவியை மேலும் கீழும் பார்த்தாள். “பாட்டியம்மா, விளையாடாதீங்க.”

“நான் என்ன விளையாடுறேன்? நான்தான் அம்மா. பெத்தவ வயசு உனக்கு எதுக்கு?”

கல்புபு மேலங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு, சூரியகாந்திப் பூக்களோடு கம்பியைப் பிடித்துப் படியில் இறங்கினாள். கிழவிக்கு ரத்தக்கொதிப்பு. வந்த அன்றே ஓய்வில்லத்து டாக்டர் அவளுடைய சிகிச்சைப் புத்தகத்தில் வெந்நீர்க் குளம் கூடவே கூடாது, காலுக்குச் சேற்றுப் பூச்சு மட்டும் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். அந்தப் புத்தகத்தைக் கேட்ட ரைசாவிடம், அறையில் இருக்கிறது என்று கூசாமல் சொன்னாள் கல்புபு. புத்தகம் பெர்மெத்தின் பையில்தான் இருந்தது.

எர்மெக் தண்ணீரில் காலை உதைத்தான். கல்புபு ஒரு கையால் கம்பியையும் மறு கையால் அவன் தோளையும் பிடித்துக்கொண்டாள். நீந்தத் தெரியாதவள், ஆழமென்றாலே பயம். மூன்று நிமிடத்தில் அவள் கன்னம் சிவந்தது. ஐந்து நிமிடத்தில் கழுத்து சிவந்தது. சுவரில் பெரிய கடிகாரம். பெர்மெத் கடிகாரத்தையும் அந்தக் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போது அந்த எண்ணம் வந்தது. எல்லாரும் அவளைப் பற்றி நல்லதாகவே நினைக்க வேண்டும் என்று எனக்கு ஆசைதான், ஆனாலும் வந்தது வந்ததுதான். ‘இன்னும் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், பையன் என்னோடு வந்துவிடுவான்.’ தெளிவாக, தையல் கணக்குப் போல வந்தது. அடுத்த நொடி எழுந்து நின்றாள்.

கம்பியருகில் போய் மண்டியிட்டாள். “அம்மா, மேல வாங்க. உங்களுக்கு ஆகாது.”

“ஆகும் போ.” கல்புபுவின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள், குளத்து வழக்கம் அவளுக்கும் தெரியும். “நான் ஏறுனா நீ எறங்குவே. இந்தக் குளத்துக்காரி முன்னாடி ‘நான்தான் அம்மா’ன்னு சொல்லுவே. அவன் காதுல விழும். அப்புறம் அதை யாரு திருப்பி எடுக்கறது?”

“நான் அப்படி...”

“பள்ளிக்கூடத்துல இடம் வாங்கி வச்சிருக்கியாமே. மிர்லான் வந்த அன்னிக்கே சொல்லிட்டான். முடியாதுன்னு நானும் அன்னிக்கே சொல்லிட்டேன். உன்கிட்ட சொல்லலையா அவன்?”

சொல்லவில்லை. நான்கு நாளாகக் காரடியில் படுத்திருந்தவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெர்மெத்துக்கு அழுகைகூட வரவில்லை. உள்ளே எல்லாம் காலியாகிப்போனது.

“அம்மா, எனக்கு இனிமே பிள்ளை இல்ல. டாக்டர் சொல்லிட்டாங்க.”

கல்புபு கண்ணை மூடித் திறந்தாள். “தெரியும்டி. அதையும் சொன்னான்.” மூச்சு வாங்கினாள். “எனக்கும் யாரு இருக்கா சொல்லு. பொண்ணுங்க போயாச்சு. ரஷ்யாவுக்குப் போன சின்னவன் குரலை வருஷத்துக்கு ஒரு தடவை கேக்குறேன். காலையில இவன் ‘அம்மா’ன்னு கூப்பிட்டாத்தான் நான் எந்திரிக்கிறேன். இவனையும் நீ கொண்டுபோயிட்டா, இந்தத் தண்ணியிலயே போயிடுறேன், பரவால்ல.”

அது மிரட்டல் இல்லை. மிரட்டலாக இருந்தால் பெர்மெத் எதிர்த்து நின்றிருப்பாள். கிழவியின் கை கம்பியில் நடுங்கிக்கொண்டிருந்தது, ஆனாலும் அவள் ஏறப் போவதில்லை. இரண்டு பேருக்கும் ஒரே பிள்ளை, வேறு யாரும் இல்லை. எர்மெக் இது எதுவும் கேட்காமல், அல்மாட்டிக்காரரின் சோளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெர்மெத் எழுந்தாள். “ரைசா அக்கா!” என்று கூப்பிட்டாள். சத்தமாகத்தான். குளத்தில் எல்லாத் தலையும் திரும்பியது, பிறகு மரியாதையாக வேறு பக்கம் பார்த்தது.

“இவங்கதான் இவன் அம்மா. இவங்களுக்கு ரத்தக்கொதிப்பு இருக்கு, புத்தகம் என் பையில இருக்கு, பாருங்க. நான் இவனோட அண்ணி. அம்மா கரையில நிக்கட்டும், நான் எறங்குறேன்.”

ரைசா சிவப்பு எழுத்தைப் படித்தாள். அடுத்து கிழவியின் முகத்தைப் பார்த்தாள். “ஐயோ, ஏறுங்க முதல்ல! இங்க விழுந்து வச்சா என் வேலைதான் போகும். பையனோட அம்மா சம்மதிச்சா அண்ணி நிக்கலாம். இந்த ஒரு தடவை. சம்மதமா?”

கல்புபு பெர்மெத்தையே பார்த்தாள்.

“சம்மதம்” என்றாள்.

பெஞ்சின் மறுமுனையில் தோரோன்பெக் செய்தித்தாளை மடித்தார். நாற்பது வருடம் குதிரை மேய்த்த மனிதர், எல்லாம் காதில் விழுந்திருந்தது. “ஏரியில அலை எப்படி இருக்குன்னு பார்த்துட்டு வரேன்” என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டு, மருமகள் பக்கம் திரும்பாமலே வெளியே போனார். அவர் முதுகு கதவைத் தாண்டியதும் பெர்மெத் முக்காட்டை அவிழ்த்தாள், கவுனைக் கழற்றினாள்.

தண்ணீர் சுட்டது. கல்புபு படியில் ஏறும்போது பையனின் கையை அவள் கையில் வைத்தாள். கடிகாரத்தில் பதினொரு நிமிடம் மீதி இருந்தது.

பால் மறந்த நாளுக்குப் பிறகு அவனுடைய முழு எடையும் அவள் கையில் வந்தது இன்றுதான். தண்ணீரில் எடை எங்கே தெரிகிறது, அதுவும் அவள் விதி. முதுகுக்குக் கீழே ஒரு உள்ளங்கை, பிடரிக்குக் கீழே ஒன்று. மல்லாந்து மிதந்தான். இடது காதுக்குப் பின்னால் அவளுக்கு இருப்பது போலவே ஒரு மச்சம். குனிந்தால் உதடு படும் தூரம். குனியவில்லை, கல்புபு கரையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, நீ நல்லா புடிக்கிறே. அம்மாவுக்கு கை நடுங்குது.”

“வயிறை மேல தூக்கு. அப்படித்தான்.”

“நான் தானா மிதக்குறேனா?”

“நீயேதான். நான் சும்மா தொட்டுக்கிட்டிருக்கேன்.”

“கையை எடுத்துடாத!”

“எடுக்கல கண்ணு.”

அந்த ‘கண்ணு’ வாய் தவறி வந்தது. கரையைப் பார்த்தாள். கல்புபு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள், சோளம் தின்னும் மனிதரைப் போல, அவர் மனைவியைப் போல, எல்லாரையும் போல.

எர்மெக் கூரையைப் பார்த்து யோசித்தான். “அண்ணி, உனக்கு பாப்பா பொறந்தா அதுக்கும் இப்படி சொல்லிக் குடுப்பியா?”

“ம்.”

“அதுக்குக் கையை எடுக்காத. பயப்படும்.”

ரைசா விசிலை ஊதவில்லை, அந்தக் குளத்தில் விசில் ஆபத்துக்கு மட்டும்தான். குனிந்து மெதுவாகச் சொன்னாள்: “நேரம் ஆச்சும்மா. பையனை அவங்கம்மா கையில குடுத்துடுங்க.”

கல்புபு துண்டை விரித்துக்கொண்டு படியோரம் வந்து நின்றாள். பெர்மெத் இரண்டு கையாலும் அவனைத் தண்ணீருக்கு மேலே தூக்கினாள். அப்போதுதான் கனத்தான். தூக்கிக் கொடுத்தாள்.