மணிக்கூண்டில் ஏறிய கமரா

போன திங்கட்கிழமை, கொழும்புக் கோட்டையில் நான் கிளார்க்காக இருக்கும் கந்தோருக்கு ஹமீது நானா வந்தார். மாளிகாவத்தையில் தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவர் வந்தபோதே நல்ல செய்தியாக இராது என்று தெரிந்தது. கொட்டாஞ்சேனை ஸ்டூடியோக்காரர் மரியதாஸ் நெருப்புக் காய்ச்சலில் போய்விட்டாராம். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. போகிற வயதா அது?

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரிடம் கல்யாணப் படம் எடுத்திருப்பீர்கள். "தலையைச் சரிக்காதேங்கோ" என்று அதட்டுவார்; நீங்கள் முறைக்கும்போது படம் பிடித்துவிடுவார். அந்த அதட்டலுக்குள் இருந்த மனிதரை நான் அறிந்தது ஒரு சின்னப் படத்தின்போது.

யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவர் தமது சினிமாக் கமராவை அவரிடம் விட்டுப் போனார். ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட அந்த உயிர்த்த ஞாயிறு காலையைப் படமாக்கப் போவதாகத் தாஸ் சொன்னார். அவருடைய தம்பி துறைமுகத்தில் இறந்தது அன்றைக்குத்தான். ஆனாலும் விமானத்தில் வந்தவனும் படத்தில் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். கொட்டாஞ்சேனையில் ஒருவரும் அந்த வேஷத்துக்குச் சம்மதிக்கவில்லை. கடைசியில் வெள்ளவத்தையிலிருந்து நான் அகப்பட்டேன். விமானச் சத்தம் கேட்டால் மேசைக்குக் கீழே போகிறவனுக்கு விமானி வேஷம்.

ஹமீது நானா தொப்பி தைத்துத் தந்தார். சாப்பாட்டு அறைக் கதிரையில் இருந்து விமானம் ஓட்டினேன். நான் புறப்படுமுன் சோறு சாப்பிடும் காட்சியைத் தாஸ் மூன்று தரம் எடுத்தார். இது எதற்கு என்று சலித்துக்கொண்டேன்.

"மேலை இருந்தவனும் அண்டைக்குக் காலமை ஏதோ சாப்பிட்டுத்தான் வந்திருப்பான், ஐசே," என்றார்.

பிறகு கமராவைத் தூக்கிக்கொண்டு கத்தோலிக்கக் கோவில் மணிக்கூண்டில் ஏறினார். நானும் கூடப் போனேன். பூசை முடிந்து வந்த சனத்தை மேலே பார்த்துக் கை காட்டச் சொன்னார். அன்றைக்கு நடந்த பிழையே அதுதான். நம்முடைய விமானங்கள் என்று நினைத்துப் பலர் கை காட்டினார்கள். கூண்டில் வைத்துத்தான் எனக்கு மற்றதைச் சொன்னார். நம்முடைய விமானம்தான் என்று தம்பியிடம் சொன்னவர் இவர்தானாம். இன்னும் நன்றாகப் பார்க்கவென்று அவன் துறைமுகப் பக்கம் ஓடியிருக்கிறான். இத்தனை வருஷமாக அம்மாவிடம் இதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதற்காகத்தான் இந்தப் படம்.

கோவிலின் பங்கு மண்டபத்து ஜன்னல்களில் யுத்தகாலத்துப் பழைய இருட்டடிப்புத் துணியைத் தொங்கவிட்டுப் படம் காட்டினோம். தாஸின் அம்மா முன் வாங்கில் இருந்தார். நான் சோறு தின்றபோது சனம் கூவியது. சத்தமில்லாத படம் என்பதால் தாஸ் திரைக்குப் பக்கத்தில் நின்று வசனங்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். அண்ணனாகவும் அவரே நடித்திருந்தார்.

"எங்கடை பிளேன்தான், தம்பி. கையைக் காட்டு." சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

திரையில் மணிக்கூண்டுக் காட்சி வந்தது. முற்றம் நிறையக் கைகள். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் யாருடைய கை எது என்று தெரியவில்லை. அம்மா எழுந்து மகனிடம் போனார்.

"நானும் காட்டினனான், மகன். கோவில் வாசலிலை நிண்டு. எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை."

தாஸ் அவர் தோளில் முகத்தை வைத்து அழுதார். தொப்பியோடு நின்ற நானும் அழுதேன். பிறகு அம்மா என்னைப் பார்த்து, விமானக்காரனும் சாப்பிட வரட்டும் என்றார். போனேன். மூன்று தரம் சோறு போட்டார். அன்றிலிருந்து தாஸ் ஸ்டூடியோவில் பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்ததை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். காரணம் இதுதான்.

தொப்பி என்னிடம் இருக்கிறது. ஆனால் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது வேறொன்று. இரத்மலானையிலிருந்து கிளம்பும் விமானங்கள் எங்கள் வீட்டுக்கு மேலாகப் போகும். இப்போது நான் மேசைக்குக் கீழே போவதில்லை. முற்றத்துக்கு வந்து கை காட்டுகிறேன். நேற்றும் காட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அவரும் காட்டினார்.